பழைய மண்டபத்தைப் புதுப்பிக்கிறீர்களா? கூரையில் தொடங்குங்கள், வண்ணத்தில் முடியுங்கள்

கோயிலை ஒட்டிய மண்டபம், பழைய தமிழ்ப் பள்ளி, சங்கக் கட்டடம், ஊர் நூலகம் என்று ஏதோ ஒன்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பு உங்கள் கமிட்டியின் தலையில் விழுந்திருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் வடக்கு, தெற்குக் கரையோர ஊர்களிலும் உள்ள கட்டடங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, நெளிதகரக் கூரை, பலகைத் தரை, முன்னால் ஒரு தாழ்வாரம். 1920-களிலிருந்து 1950-கள் வரை எழும்பியவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இப்படி மூன்று வேலைகளில் நான் கூட இருந்திருக்கிறேன். முதலாவதில் எல்லாமே தலைகீழ். முதலில் வண்ணம் அடித்தோம். அடுத்த மழையில் பூச்சு பெயர்ந்தது. அதை உடைத்துப் பார்த்தபோதுதான் கூரைத் தண்ணீர் சுவருக்குள் இறங்குவது தெரிந்தது. செலவழித்த பணத்தில் பாதி குப்பைக்குப் போனது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எந்தப் படியையும் முன்னால் இழுக்காதீர்கள். மின்சாரமும் சோலாரும் மட்டும் விதிவிலக்கு, அவற்றை எப்போது செய்வது என்று 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. நாள் குறிப்பது: ஒரு குளிர்காலம் போதாது, இரண்டு வேண்டும்

நம் பக்கம் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை உலர்ந்த காலம். கூரையைத் திறக்கவும் சுவரில் கை வைக்கவும் அந்த நான்கு மாதம்தான் சரியானது. நடுவில் கட்டடத்தைக் காலி செய்ய முடியாத நாள்களும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு மண்டபம் வேண்டும், ஈஸ்டர் விடுமுறையில் மாரியம்மன் திருவிழாவுக்கு வேண்டும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அன்னதானத்துக்கு வேண்டும். முதலில் இவற்றை நாள்காட்டியில் வட்டமிடுங்கள்.

முதல் குளிர்காலத்தில் கூரை, கட்டர் (கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் ஓடை), வெளித் தரைமட்டம். இரண்டாவது குளிர்காலத்தில் பூச்சும் வண்ணமும். காரணம் எளிது. நனைந்த சுவர் உலர்வதற்கு, 25 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்று கொத்தனார்கள் கணக்கு வைப்பார்கள். ஒரு செங்கல் நீளக் கனமுள்ள 230 மி.மீ. சுவர் என்றால் ஒன்பது மாதம். ஈரம் உள்ளே இருக்கும்போதே மேலே பூசினால் அந்த ஈரம் பூச்சைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும்.

கமிட்டியில் இதற்கு எதிர்ப்பு வரும். திறப்புவிழாவுக்குத் தேதி வாங்கியாயிற்று, கல்வெட்டுக்குப் பெயர்களும் எழுதியாயிற்று என்பார்கள். கூரை முடிந்ததும் ஒரு சின்ன பூஜை வைத்து அவர்களைச் சமாதானப்படுத்துங்கள். எங்களுக்கு அது வேலை செய்தது.

2. அனுமதி: 60 வயது தாண்டிய கட்டடம் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை

1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டம், 34-ஆம் பிரிவு: 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மாகாண மரபு ஆணையத்தின் பர்மிட் இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் அந்த ஆணையம் அமாஃபா. ‘நாங்கள் இடிக்கவில்லையே, பூசத்தானே செய்கிறோம்’ என்று நினைத்துவிடாதீர்கள். ‘மாற்றுதல்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்திலேயே வண்ணம் அடிப்பதும் பூச்சு பூசுவதும் வருகின்றன. புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

உம்பிலோ அம்பலவாணர் ஆலயம் போல முன்பே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட இடமானால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அங்கே மரபுக் கட்டட அனுபவமுள்ள கட்டடக் கலைஞர் இல்லாமல் ஒரு ஆணி கூட அடிக்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: நான்கு புறமும் உள்ளேயும் எடுத்த படங்கள், இப்போது உள்ளபடி அளந்து வரைந்த வரைபடம், செய்யப்போகும் மாற்றங்களின் வரைபடம், கட்டடத்தின் சுருக்கமான வரலாறு, ஒவ்வொரு மாற்றமும் ஏன் வேண்டும் என்ற விளக்கம். மே மாதம் வேலை தொடங்க வேண்டுமானால் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் கட்டட வரைபட அனுமதி இதற்கு மேல் தனி. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைத்துவிடாது.

வரைபடமும் படங்களும் அலுவலகத்துக்கு மட்டுமல்ல. வேலை நடுவில் ‘இந்த ஜன்னலுக்கு மேல் வளைவு இருந்ததா, நேராக இருந்ததா?’ என்று சண்டை வரும். அப்போது படம்தான் பேசும்.

3. மழையில் நின்று பாருங்கள்

ஆளைக் கூப்பிட்டு விலை கேட்பதற்கு முன், நல்ல மழை பெய்யும் ஒரு நாள் குடையோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கையில் டார்ச், சாக்பீஸ், மெல்லிய ஸ்க்ரூடிரைவர், போன். இவ்வளவு போதும்.

கட்டர் எங்கே வழிகிறது, டவுன்பைப் தண்ணீர் எங்கே போய் விழுகிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஸீலிங்குக்கு மேலே ஏறி டார்ச்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் இருங்கள். ஓட்டை எங்கே என்று வெளிச்சம் சொல்லும். ஈரப்பட்ட இடங்களைச் சாக்பீஸால் வளைத்து, பக்கத்தில் தேதி போடுங்கள். ஒரு மாதம் கழித்து வந்து பார்த்தால் கறை வளர்கிறதா, பழைய கறைதானா என்று தெரியும்.

சுவரில் ஓதம் எந்த உயரம் வரை இருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். தரையிலிருந்து இடுப்பளவு, ஒரே சீராக என்றால் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது. மேல்மூலையிலிருந்து நாக்குப் போல இறங்கினால் கூரை அல்லது கட்டர். ஜன்னலுக்குக் கீழே மட்டும் என்றால் அந்த ஜன்னல் படியில் விரிசல்.

4. கூரையைத் தொடுமுன்: அது ஆஸ்பெஸ்டாஸா?

நெளிதகரம் என்று தூரத்திலிருந்து நினைப்பது சில நேரம் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து) கலந்த சிமென்ட் ஷீட்டாக இருக்கும். பழைய பள்ளிகளில் ஸீலிங் பலகை, கட்டர், தண்ணீர்த் தொட்டி கூட அதில் செய்திருப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் அதன் பயன்பாடு 2008-இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே இருந்தவை அப்படியேதான் இருக்கின்றன.

ஒரு சனிக்கிழமை சிரமதானத்தில் எங்கள் இளைஞர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், பாசி படிந்த கூரையை ஹைபிரஷர் பம்பு வைத்துக் கழுவத் தொடங்கினார். கீழே பிள்ளைகள் நின்றிருந்தார்கள். மின்வேலை பார்க்க வந்திருந்த ஒரு அண்ணன்தான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். “தம்பி, அது தகரம் இல்லடா, கீழே இறங்கு!” என்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். மாதிரி எடுத்துச் சோதிக்க ஆள் இருக்கிறார்கள். அகற்றுவதற்கு 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும். கழிவும் அதற்கென அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். சேதமில்லாமல் உறுதியாக இருக்கும் ஷீட்டை உடனே பிடுங்கியாக வேண்டும் என்றில்லை. ஆனால் அதைப் பதிவேட்டில் எழுதி, கமிட்டி மாறினாலும் அடுத்தவருக்குத் தெரியும்படி வையுங்கள்.

பழைய வண்ண அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசு பறக்கும். நனைத்துச் சுரண்டுங்கள். கேஸ் சுடர் காட்டி வண்ணத்தை உரிக்கும் வழக்கம் வேண்டாம். ஈயப் புகை ஒரு பக்கம், நூறு வயது மரத்தில் நெருப்பு இன்னொரு பக்கம்.

5. தண்ணீரை வெளியே அனுப்புங்கள்

முழுக் கூரையையும் மாற்றிவிடலாம் என்பதுதான் ஒப்பந்தக்காரரின் முதல் வார்த்தையாக இருக்கும். ஒவ்வொரு தகடாகப் பார்க்கச் சொல்லுங்கள். துரு பெரும்பாலும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்திலும் ஆணித் துளைகளிலும்தான் பிடித்திருக்கும். மோசமானதை மட்டும் மாற்றினால் செலவும் குறைவு, குப்பையும் குறைவு. கட்டடம் பசுமையாக வேண்டும் என்றால் முதல் வழி, இருப்பதை எறியாமல் இருப்பதுதான்.

மாற்றும் தகடு பழைய நெளி வடிவத்திலேயே இருக்கட்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று சதுர வரி போட்ட ஐ.பி.ஆர். தகட்டைப் போட்டுவிடுவார்கள். பழைய தகட்டோடு அது பொருந்தாது, இடுக்கில் மழை நுழையும், பர்மிட்டிலும் சிக்கல். ஸ்க்ரூவை நெளியின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடும் பாதையில் நீங்களே ஓட்டை போட்டதாக ஆகும். கடலுக்குப் பக்கம் என்பதால் ஸ்க்ரூவில் மலிவு பார்க்காதீர்கள். முதலில் துருப்பிடிப்பது தகடு இல்லை, ஸ்க்ரூ.

அடுத்து கட்டர். கணக்கு சுலபம்: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை என்றால் 10,000 லிட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.-க்கு மேல் பெய்தது. பழைய அளவுக் கட்டர் இதைத் தாங்காது. வடிவம் மாறாமல் அகலத்தையும் டவுன்பைப் எண்ணிக்கையையும் கூட்டக் கேளுங்கள்.

மழைநீர் பிடிக்க ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தொட்டி) வைப்பது நல்லதுதான், கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் உதவும். ஆனால் மேலே சொன்ன கூரைக்கு 5,000 லிட்டர் டேங்க் 25 மி.மீ. மழையிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் இரண்டாவது கட்டடத்தில் டேங்கை அழகாக மூலையில் வைத்தோம், வழியும் குழாயை மறந்தோம். மழைக்காலம் முழுவதும் அது அஸ்திவாரத்தின் காலடியிலேயே கொட்டியது. டேங்க் வாங்கும்போதே வழிகுழாயை மழைநீர் வடிகால் வரை கொண்டுபோகும் செலவையும் சேர்த்து எழுதுங்கள். பழைய தகரக் கூரைத் தண்ணீரைக் குடிக்கவோ கூழ் காய்ச்சவோ எடுக்க வேண்டாம்.

கடைசியாகத் தரை. பல ஆண்டுகளாக மண்ணும் கான்கிரீட்டும் சேர்ந்து வெளித் தரைமட்டம் ஏறியிருக்கும். சுவரின் ஓதத் தடுப்பு வரிக்கு (நிலத்து ஈரம் மேலே ஏறாமல் சுவரடியில் வைத்த படலம்) கீழே குறைந்தது 150 மி.மீ.-இல் வெளித்தரை இருக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் நடைபாதை இருந்தால் சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எடுத்து ஜல்லி நிரப்புங்கள். பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போகச் சுவரடியில் துளைச்செங்கல் வைத்திருப்பார்கள். எலி வருகிறது என்று யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அடைப்பை எடுத்து வலை போடுங்கள். அந்தக் காற்று இல்லாவிட்டால் தரைக்கட்டை உளுத்துப்போகும்.

இத்தோடு முதல் குளிர்காலம் முடிந்தது. ஒரு மழைக்காலம் போகட்டும். சுவரில் ரசாயன ஊசி போட்டு ஓதத்தை நிறுத்துகிறேன் என்று இடையில் யாராவது விலை கொண்டுவருவார்கள். தரைமட்டம் சரியான பிறகு அது தேவைப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

6. சுவர்: சிமென்டை மறந்துவிடுங்கள்

முழு வேலையிலும் அதிகத் தவறு நடப்பது இங்கே.

பழைய செங்கல் மென்மையானது, அதைப் பிடித்திருக்கும் சுண்ணாம்புக் காரை அதைவிட மென்மையானது. சுவர் நனையும், அந்த ஈரம் காரை இணைப்பு வழியே ஆவியாகும். இணைப்பைச் சிமென்டால் அடைத்தால் ஈரத்துக்கு வழி செங்கல்தான். உப்பும் அங்கேயே சேரும். செங்கல் முகம் அடுக்கடுக்காக உரிந்து விழ, சிமென்ட் மட்டும் சட்டம் போட்டதுபோல நீட்டிக்கொண்டு நிற்கும். பல கட்டடங்களில் இதைப் பார்க்கலாம்.

இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்களுக்குக் காட்டித்தந்தவர் எண்பது வயது தாண்டிய ஒரு கொத்தனார் தாத்தா. சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து இணைப்பில் கீறினார். வெள்ளைப் பொடி கொட்டியது. இரண்டடி தள்ளி இன்னொரு இடத்தில் கீறினார். சாவி வழுக்கியது, சாம்பல் கோடு மட்டும் விழுந்தது. “இது உங்க அப்பா காலத்துல எவனோ பண்ணது” என்றார். அவ்வளவுதான் பரிசோதனை.

கெட்டுப்போன இணைப்பை உளியாலும் சுத்தியலாலும் கையாலேயே தோண்டுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேகமானது, ஆனால் செங்கலின் ஓரத்தைத் தின்றுவிடும், அது திரும்பி வராது. ஆழம், இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. உறுதியாக இருக்கும் பழைய காரையைத் தொடாதீர்கள்.

கலவை: 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கழுவிய ஆற்றுமணல். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதில் உப்பு. கடையில் 25 கிலோ மூட்டையில் வரும் பில்டர்ஸ் லைம் ஏற்கெனவே நீற்றியது. சிமென்ட் கலக்காததுதானா என்று மூட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி மூடி, இரண்டு மூன்று வாரம் ஊறட்டும். வெண்ணெய் போல வரும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், சுண்ணாம்பு கண்ணைச் சுட்டுவிடும்.

வேலை தொடங்கும் முன் சுவரை நனையுங்கள். உலர்ந்த செங்கல் காரையின் தண்ணீரை உறிஞ்சினால் அது பிடிக்காமல் உதிரும். பூச்சானால் ஒரு தடவைக்கு 10 மி.மீ.-க்கு மேல் வேண்டாம், ஒரு பூச்சு இறுகியபின் அடுத்தது. பிறகு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம் குளிர்காலத்தில் உறைபனி இல்லை, அது நல்லது. வறண்ட காற்றுதான் எதிரி. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

கொத்தனார்கள் இதற்கு முனகுவார்கள். ‘ஒரு கரண்டி சிமென்ட் போட்டால் சீக்கிரம் இறுகுமே அண்ணே’ என்பார்கள். மறைவான இடத்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரி போட வைத்து, ஒரு மாதம் பார்த்த பின்பே முழுச் சுவரையும் கொடுங்கள். இப்படிச் செய்யத் தயாராக இருக்கும் ஆளைத் தேடுவதில்தான் எங்களுக்குக் கூரையைவிட அதிக நாள் போனது.

சுவரில் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

7. மரம்: பிடுங்காதீர்கள், ஒட்டுப்போடுங்கள்

ஜன்னல், கதவுகளில் பர்மா தேக்கும் தரையில் ஆரிகன் பைனும் இருந்தால் அப்படிப்பட்ட மரம் இன்று எளிதில் கிடைக்காது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஜன்னலின் அடிக்கட்டை மட்டும்தான் உளுத்திருக்கும். அதைச் சரிவாக வெட்டி, அதே ஜாதி மரத்துண்டைப் பசையும் முளையும் போட்டு இணைத்தால் போதும். இடித்த வீடுகளின் பழைய மரம் விற்கும் யார்டுகளில் தேடுங்கள். அலுமினிய ஜன்னல் போட்டால் பராமரிப்பு மிச்சம் என்பவர்களுக்கு, கடலோரத்தில் பத்து வருடமான அலுமினியக் கீல் ஒன்றைக் காட்டுங்கள்.

டர்பனில் உலர்மரக் கரையான் உண்டு. மண்ணிலிருந்து ஏறி வருவதல்ல, மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. கைமரத்துக்குக் கீழே தரையில் கசகசா சிந்தியதுபோல் சின்னச் சின்ன மணிகள் குவிந்திருந்தால் அதுதான். பெருக்கிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதிதாகக் கொட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது, பூச்சி ஆளைக் கூப்பிடுங்கள்.

8. மின்சாரம், வெப்பம், சோலார்

பழைய வயரிங் முழுவதையும் மாற்றுங்கள், இதில் மட்டும் பழமை பார்க்க வேண்டாம். பூச்சுக்கு முன்னால் செய்தால் சுவரை இரண்டு முறை உடைக்க வேண்டியிருக்காது. முடிந்ததும், மின்வேலை விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சி.ஓ.சி. சான்றிதழ் வாங்குங்கள்.

ஏ.சி. கேட்பார்கள். அதற்கு முன் முகட்டில் அடைபட்ட காற்றுப்போக்கியைத் திறந்து, ஸீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்து, மேல்ஜன்னல்களைத் திறக்க வைத்து, மின்விசிறி மாட்டி ஒரு பிப்ரவரி ஓட்டிப் பாருங்கள். உயரமான ஸீலிங்கும் தாழ்வாரமும் எதற்காக வைத்தார்கள் என்று அப்போது தெரியும். பஞ்சு விரிக்கும்போது இறவாணத்துக் காற்றுவழியை மூடிவிடாதீர்கள்.

சோலார் தகடு ஒன்று 20 கிலோவுக்கு மேல். இருபது தகடு என்றால் கைமரம் தாங்குமா என்று பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். தெருவிலிருந்து தெரியாத சரிவில் வையுங்கள், பர்மிட் வரைபடத்திலும் முதலிலேயே காட்டிவிடுங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) பயத்தில் எங்கள் கமிட்டி புதுக் கூரை போட்ட மறுமாதமே சோலார் ஆளைக் கூப்பிட்டது. அவர் அதே கூரையில் நாற்பது துளை போட்டார். கூரைக்காரரையும் சோலார்க்காரரையும் ஒரே மேஜையில் உட்காரவையுங்கள்.

சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையைப் பழைய படியை உடைக்காமல், பக்கத்தில் தனியாக, பின்னால் கழற்றக்கூடியதாகக் கட்டுங்கள்.

9. வண்ணம்

வெளிச்சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். சிமென்ட் செய்த அதே வேலையை அது மெல்லிய தாளாக நின்று செய்யும். சுண்ணாம்பு வெள்ளையே சிறந்தது. பால்போல் நீர்க்கக் கரைத்து நான்கைந்து தடவை அடியுங்கள். கெட்டியாக ஒரே தடவையில் அடித்தால் காய்ந்ததும் பொரிந்துவிடும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, மறுநாள்தான் வெளுக்கும். முதல் நாள் மாலை தலைவர் வந்து பார்த்து ஏமாந்துபோவார், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பழைய நிறம் என்னவென்று தெரிய, வெயில் படாத மூலையில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அடுக்கடுக்காகச் சுரண்டுங்கள். எங்கள் மண்டபத்தில் ஏழு அடுக்கு வந்தது. அடியில் இருந்தது எல்லாரும் சத்தியம் செய்த வெள்ளை அல்ல, வெளிர் மஞ்சள்.

10. சாவியோடு ஒரு நோட்டு

வேலைச் செலவில் ஒரு பகுதியை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். செப்டம்பரில், மழைக்கு முன், கட்டரைச் சுத்தம் செய்ய ஒருவர் பெயரை நோட்டில் எழுதுங்கள். கமிட்டி என்று எழுதினால் யாரும் ஏற மாட்டார்கள். அதே நோட்டில் சுண்ணாம்புக் கலவையின் அளவு, மணல் வாங்கிய இடம், தகட்டின் வடிவம், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் இடம், கொத்தனாரின் போன் எண். மண்டபத்துச் சாவிக்கொத்து தொங்கும் ஆணியிலேயே அந்த நோட்டையும் தொங்கவிடுங்கள்.